இரண்டு நிமிஷக் கெடு

நர்சம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் பகல் தூக்கத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. எலும்புமுறிவு வார்டில் வருஷக்கணக்காக இரவு வேலை பார்த்த உடம்பு அது. விடிந்தால் படுக்கச் சொல்லும். அதனால் மகள் அலுவலகம் போகிற வழியில் ஃபோன் செய்தபோது நர்சம்மா நல்ல தூக்கத்தில் இருந்தார்.

"அம்மா, நீ பஸ் ஸ்டாப்புல நிக்கிறே."

"நான் கட்டில்ல படுத்திருக்கேன்."

"போஸ்டர்லம்மா. நம்ம பழைய வீட்டு ஜன்னல்லேர்ந்து கையை நீட்டிக்கிட்டு நிக்கிறே. ஆளுயரத்துக்கு."

சாயங்காலம் கணவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். மகள் சொன்னது சரிதான். கறுப்பு வெள்ளைப் படம். மாடி ஜன்னலில் இடுப்புவரை வெளியே சாய்ந்த ஒரு இளம்பெண். தலை கலைந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, வலது கையில் இரண்டு விரல்கள் விறைப்பாக நீண்டிருக்கின்றன. கீழே முற்றத்தில் பையன்கள் கூட்டம். நடுவில் ஒருவன் தலைகீழாக நிற்கிறான். ஹிப்-ஹாப் கலையின் வரலாறும் தாக்கமும், புகைப்படக் கண்காட்சி, அனைவரும் வருக என்று எழுதியிருந்தது.

கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "படத்துல நல்லா விழுந்திருக்கே," என்றார்.

"இது நான் திட்டினது," என்றார் நர்சம்மா.

அந்த முற்றத்தில் பையன்கள் தினமும் கூடுவார்கள். சூட்கேஸ் அளவுக்கு ஒரு டேப் ரிக்கார்டர் வரும். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, அதன்மேல் முதுகால் சுழல்வார்கள். பாட்டு என்று சொல்லவும் முடியாது, பேச்சு என்று சொல்லவும் முடியாது. யாரோ மூச்சுவிடாமல் வழக்காடுவது போல இருக்கும். தாளம் சுவரேறி வந்து கட்டிலை ஆட்டும். நர்சம்மா ஜன்னலைத் திறந்து சத்தம் போடுவார். அவர்கள் குறைப்பார்கள். அவர் கண்ணயர்ந்ததும் கூட்டுவார்கள். பையன்கள் வளர்ந்து வேலைக்குப் போகும்வரை இது இப்படியே நடந்தது. எதிர்மாடியில் குடியிருந்த ஸ்டூடியோக்காரர் அதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை நர்சம்மா கணவரோடு கண்காட்சிக்குப் போனார். முதல் அறையில் இந்தக் கலை பிறந்த தூரத்து நகரத்தின் படங்கள்: எரிந்துபோன கட்டடங்கள், இசைத்தட்டைக் கையால் தேய்க்கிறவர்கள், மேலிருந்து கீழ்வரை எழுதித் தீர்த்த ரயில் பெட்டிகள். அடுத்த அறையில் அது ஊர் ஊராகப் பரவிய கதை. தொளதொள கால்சட்டைகள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இருந்தன. தலையால் சுழல்கிறவர்களின் படம் ஒவ்வொன்றின் முன்னும் நின்று, "இந்தக் கழுத்து என்னத்துக்கு ஆகும்," என்றார். கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கடைசி அறையில் நர்சம்மாவின் படம். கீழே ஒரு அட்டை: 'இரு விரல் உயர்த்தி ஆட்டத்தில் கலந்துகொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண்.'

கண்காட்சிக்குப் பொறுப்பான பெண்ணை நர்சம்மா கூப்பிட்டார். அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானாம்மா? உங்களைத்தான் தேடிட்டிருந்தோம்."

"வந்துட்டேன். இதுல எழுதியிருக்கறது தப்பு. நான் எதுலயும் கலந்துக்கல. நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து படுத்திருந்தேன்."

"அப்போ அந்த ரெண்டு விரல்?"

"ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள அணைக்கலேன்னா கீழ இறங்கி வருவேன்னு சொன்னேன்."

அந்தப் பெண் மறுபடி படத்தைப் பார்த்தாள். "நாங்க சமாதானச் சின்னம்னு நெனச்சோம்."

"அதுல சமாதானம் ஒண்ணும் இல்ல."

மூலையில் நாற்காலியில் இருந்த ஒருவர் சட்டென்று எழுந்து நின்றார். தொப்பை விழுந்து, முன்தலை வழுக்கையாகியிருந்தது. அந்த நாளில் டேப் ரிக்கார்டரைத் தூக்கி வருகிற பையன் அவர்தான், அதனாலேயே பட்டப்பெயர் பெட்டி. இப்போது டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். சனி, ஞாயிறுகளில் இங்கே வந்து பழைய கதை சொல்கிறார்.

"அக்கா," என்றார். "சும்மா பேசிட்டுதான் இருக்கோம். பாட்டு எதுவும் போடல."

"இது திட்டுன்னு நீ சொல்லலியா?"

"திட்டுன்னு எழுதினா நல்லா இருக்காதேன்னு விட்டுட்டேன்க்கா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மத்த எடத்துலல்லாம் போலீஸ் வந்து டேப்பைப் புடுங்கிட்டுப் போயிடும். நீங்க ஒரு தடவைகூடப் போலீஸைக் கூப்பிட்டதில்ல. அதை நாங்க இன்னிக்கும் பேசிக்குவோம்."

"அப்போ வீட்ல ஃபோன் இல்ல," என்றார் நர்சம்மா.

பெட்டி அதைக் கொஞ்சம் யோசித்தார். "சரி. ஆனா கட்டு போட்டீங்களே." பக்கத்துப் படத்தைக் காட்டினார். அதில் மணிக்கட்டில் கட்டோடு பெட்டி சிரித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் திட்டுவதற்காகக் கீழே இறங்கிய நர்சம்மா, பையன் கை வீங்கிக் கிடப்பதைப் பார்த்து, தலையணை உறையைக் கிழித்து, அடிக்கோலை வைத்துக் கட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்ந்திருக்கிறார்.

படத்தை நெருங்கிப் பார்த்தார். "கட்டு தளர்வா இருக்கு. தூக்கக் கலக்கத்துல போட்டிருக்கேன்." பெட்டியின் கையை வாங்கித் திருப்பினார். "வலிக்குதா?"

"குளிர் நாள்ல கொஞ்சம்."

"எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேனே, எடுத்தியா?"

"அந்த வாரம் ஒரு போட்டி இருந்துச்சு."

நர்சம்மா தன் படத்தின் பக்கம் திரும்பினார். கூட்டத்தில் எல்லோரும் தலைகீழாக நிற்பவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும், அந்த வயதுப் பெட்டி, ஜன்னலைப் பார்த்திருந்தான். சத்தத்தைக் குறைக்க அவன் கை டேப்பின் திருகில் இருந்தது. மேலிருந்து பார்த்தவருக்கு இத்தனை வருஷமும் அது தெரியவில்லை. அவ்வளவு கத்தியிருக்க வேண்டாமோ என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அந்தக் காலத்துத் தூக்கத்தை நினைத்துப் பார்த்தார். கத்தியது சரிதான். இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். கணவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

புது அட்டைக்கு அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்: 'இரவு வேலை முடித்துத் தூங்க முயலும் நர்ஸ், இரண்டு நிமிஷம் கெடு கொடுக்கிறார். கீழே இருந்தவர்கள் சத்தத்தைக் குறைத்தார்கள். அணைக்கவில்லை.' அட்டையை மாற்றியதிலிருந்து கூட்டம் அந்தப் படத்தை விட்டு நகர மறுக்கிறது என்று பிறகு தகவல் வந்தது.

திங்கட்கிழமை பெட்டியைத் தன் பழைய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். எலும்பு சற்றுக் கோணலாகச் சேர்ந்திருந்தது. இனி உடைத்துச் சேர்ப்பதில் பலனில்லை, பயிற்சி செய்தால் போதும் என்றார் டாக்டர். நர்சம்மா பயிற்சியைச் செய்து காட்டினார். இப்போது பெட்டி வண்டியில் உட்கார்ந்தபடியே மணிக்கட்டைச் சுழற்றுகிறார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அதைத் திரும்பச் சொல்லும் சைகை என்று நினைத்து வண்டியைத் திருப்பிவிடுகிறார்களாம். ஃபோனில் குறைப்பட்டுக்கொண்டார்.

"ஓரமா நிறுத்திட்டுப் பண்ணு," என்றார் நர்சம்மா.