பாஸ்காரர் வாசிக்காத சுரம்

என் அண்ணன் இசையமைப்பாளன். சினிமாவுக்கா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எங்கள் அம்மா போய்ச் சேர்ந்தாள். வயலின், செல்லோ என்று கறுப்பு உடையில் வரிசையாக உட்கார்ந்து, தாளைப் பார்த்து வாசிப்பார்களே, அந்த இசை. அதிலும் இவனுக்குப் பைத்தியம் மினிமலிசத்தின் மேல்தான். நாலைந்து சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து, நடுவில் சத்தமில்லாமல் ஒன்றை மாற்றுவான். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்க ஒன்றையே சொல்கிற எனக்கே அவன் இசையைக் கேட்டால் கொட்டாவி வரும்.

பிழைப்புக்குப் பாலே நடனப் பள்ளியில் பியானோ வாசித்தான். பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி நிமிர, டீச்சர் போதும் என்கிற வரை ஒரே துண்டை வாசிக்க வேண்டும். ஒரு நாள் சும்மா இருக்கமாட்டாமல் இடது கையில் அடிச்சுரத்தை மட்டும் வாசிக்காமல் விட்டிருக்கிறான். பெண்கள் எல்லாரும் காரணம் தெரியாமல் தடுமாறினார்களாம். நேரே என் வீட்டுக்கு வந்து, "இல்லாததுதான்டி காதுல கேக்குது" என்றான். "டீ ஆறுது, குடி" என்றேன்.

அதிலிருந்து பிறந்ததுதான் அவன் பேர் சொல்லும் படைப்பு. எல்லாரும் ஒரே சின்ன மெட்டை வாசிப்பார்கள். அதில் அடிச்சுரம் இருக்காது. ஒவ்வொருவராக ஓய்ந்துகொண்டே வருவார்கள். ஆள் உயர வயலின் போலிருக்கும் டபுள் பாஸை அணைத்தபடி ஒருவர் மட்டும் தொடக்கத்திலிருந்து சும்மா நிற்பார். கடைசி வயலினும் அடங்கிய பிறகு, அந்த விடுபட்ட சுரத்தை அவர் ஒரே ஒரு முறை இழுக்க வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற அத்தனையும்.

முதல் அரங்கேற்றத்தில் பாஸ்காரர் எண்ணிக்கையைத் தவறவிட்டார். முன்னால் நின்று குழுவை நடத்துகிறவர் கை காட்டுவார் என்று இவர் இருக்க, இவரே எண்ணிக்கொண்டிருப்பார் என்று அவர் இருக்க, கடைசி வயலினும் நின்றுபோனது. பாஸ்காரர் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். நடத்துகிறவர் வேறு வழியில்லாமல் கையை இறக்கிவிட்டார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் பத்திரிகைகள் அண்ணனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. இசைக்காத கருவியாம், பேச முடியாத மனிதனாம், என்ன துணிச்சலாம். பாஸ்காரரும் லேசுப்பட்டவரில்லை, அந்த மௌனத்துக்குத் தயாராக மாதக்கணக்கில் பிடித்தது என்று பேட்டி கொடுத்தார்.

"தப்பு நடந்துடுச்சுன்னு சொல்லிடு அண்ணா" என்றேன்.

"அடுத்த தடவை சரியா வாசிச்சா தானா புரிஞ்சுக்குவாங்க."

அடுத்த தடவை, கூட்டம் வருவதே அந்த மௌனத்துக்குத்தான் என்று அமைப்பாளர்கள் அந்தச் சுரத்தை வாசிக்க விடவில்லை. இசைத்தட்டு வந்தது, வெளியூர் அழைப்புகள் வந்தன, இசைக் கல்லூரியில் வேலையும் வந்தது. எல்லாம் அந்த மௌனத்துக்கு. அவன் வாயைத் திறக்கவே இல்லை. புதிதாக எதை எழுதினாலும் வாசிக்காமல் இருப்பவர் யார் என்று தேடினார்கள். எல்லாரும் வாசித்துவிட்டால் பழைய துணிச்சல் இல்லை என்று எழுதினார்கள். கடைசியில் இவனே ஒவ்வொன்றிலும் ஒருவரைச் சும்மா நிற்க வைத்தான். என் அண்ணன் ஊமை வேடம் போட்டுச் சம்பாதிக்கிறான் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

அவன் ஓய்வு பெற்றபோது கல்லூரி அந்தப் படைப்பையே வாசிக்க வைத்து ஒரு பாராட்டுக் கச்சேரி நடத்தியது. பாஸ் வாசிக்க ஒரு பெண் வந்திருந்தாள். இசைக்குழுவில் தற்காலிக வேலை, நிரந்தரமாக்குவார்கள் என்று காத்திருந்தவள். ஒத்திகையெல்லாம் முடிந்த பிறகு, அண்ணன் அவளைத் தனியாக அழைத்துத் தன் பழைய கையெழுத்துப் பக்கத்தில் அந்தக் கடைசிச் சுரத்தைக் காட்டினான்.

"இதை யாரும் வாசிக்கிறதில்லையே சார்?"

"நான் எழுதினது இதுதாம்மா. தைரியமா வாசிங்க. நான் இருக்கேன்."

கச்சேரியில் கடைசி வயலின் அடங்கியது. அவள் வில்லை வைத்து இழுத்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. அத்தனை வருடக் கொட்டாவிக்கும் அந்த ஒரு சத்தத்தில் பதில் இருந்தது. பக்கத்தில் அண்ணன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தான், கண் நிறைந்திருந்தது. முன் வரிசையில் யாரோ "ப்ச்" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். பிறகு தயங்கித் தயங்கிக் கைதட்டல் வந்தது, எல்லாப் பார்வையும் அந்தப் பெண் மேல் இருந்தது.

அனுபவமில்லாத ஒருத்தியின் கவனக்குறைவு ஒரு மகத்தான படைப்பைக் கெடுத்துவிட்டது என்று பத்திரிகை எழுதியது. அன்று நான் அவன் வீட்டில் இருக்கும்போதே போன் அடித்தது. எண்ணைப் பார்த்தவன், "நான் இல்லைன்னு சொல்லு" என்றான்.

எடுத்தேன். அந்தப் பெண்தான். இசைக்குழு மேனேஜர் விளக்கம் கேட்டிருக்கிறார், சார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்றாள். நான் போனைக் கையால் பொத்தினேன்.

"பேசு அண்ணா. நீ எழுதினதைத்தானே வாசிச்சா."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலைன்னு கேப்பாங்களேடி."

"கேக்கட்டும்."

ஸ்பீக்கரைப் போட்டு அவன் கையில் திணித்தேன். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"நல்லா வாசிச்சீங்கம்மா" என்றான்.

"அவங்ககிட்ட நான் என்ன சார் சொல்லட்டும்?"

அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கை தவறிடுச்சுன்னு சொல்லிடுங்க."