வாசிக்காமல் நின்ற மூன்றாம் ஓலை

1. வாசலில் பிடித்த கை

சவரிமுத்துவுக்கும் செசிலிக்கும் இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தபோது ஓர் அம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். ஜொகூர் மூவார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்தவர்.

"உபதேசியாரே, அந்த மாப்பிள்ளைக்கு முன்னமே கல்யாணம் ஆயிருச்சு. பொண்ணு பேரு பிலோமினா. பந்தியில நானே சாப்பிட்டிருக்கேன்."

எனக்கு உள்ளங்கை குளிர்ந்துபோனது. பயத்தில் என்று நினைக்காதீர்கள், மகிழ்ச்சியில்தான். மலாக்கா காஜா பேராங் கோவிலில் உபதேசியாராக இருந்த அத்தனை வருடங்களில் ஓலை வாசித்து நான் பிடித்த முதல் குற்றவாளி இவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓலை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கல்யாணம் பேசி முடித்ததும் மாப்பிள்ளை, பெண் பெயர்களைத் தொடர்ந்து மூன்று ஞாயிறு பூசையில் அறிவிக்க வேண்டும். "இவர்களுக்குள் விவாக விக்கினம் ஏதேனும் உண்டென்று அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடவார்கள்" என்று முடியும். பூசை முழுக்க லத்தீனில் நடந்த காலம் அது. ஓலை மட்டும் தமிழில். ஆகவே பிரசங்கத்தில் தூங்கியவர்கள்கூட ஓலைக்குச் சரியாக விழித்துக்கொள்வார்கள். வாசிப்பது என் வேலை. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதும் என் வேலை. அதனால் என்னை நானே பாதி சி.ஐ.டி. என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மீதிப் பாதியும் அப்படித்தான் நினைத்தது.

சவரிமுத்து பஸ் டிரைவர். நாற்பதை நெருங்கியவர். யுத்தம் முடிந்து ஜொகூர் பக்கமிருந்து மலாக்காவுக்கு வந்தவர். கடைசிப் பெஞ்சில் உட்காருவார், பூசை முடிந்ததும் யாரோடும் பேசாமல் போய்விடுவார். பேசாதவன் எதையோ மறைக்கிறான் என்பது என் சித்தாந்தம். ஞானஸ்நானப் பத்திரம் கேட்டதற்கு, ஜப்பான்காரன் காலத்தில் எரிந்துபோனதென்றார். அப்போதெல்லாம் யாரிடம் எந்தப் பத்திரம் கேட்டாலும் ஜப்பான்காரன்தான் எரித்திருப்பான். என் ஐந்தாம் வகுப்புச் சான்றிதழையும் அவன் எரித்ததாகத்தான் நான் சொல்லி வந்தேன். நான் ஐந்தாம் வகுப்பே தேறவில்லை என்பது வேறு விஷயம்.

செசிலி எங்கள் பங்கின் தையல்காரி. பீடத்துணி, சாமியாரின் அங்கி எல்லாம் அவள் கைவேலை. முப்பது தாண்டியவள். அப்பா அம்மா இல்லை. இவளுக்கு இனிமேல் எங்கே கல்யாணம் என்று ஊரே கைகழுவிய பிறகு வந்த சம்பந்தம் இது. இரண்டு ஓலை வாசித்து மூன்றாவது வாசிக்காமல் நின்றால், அந்தப் பெண் அதே சனத்தின் நடுவில் அதற்குப் பிறகு தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளங்கை குளிர்ந்தது.

2. பூக்கடையில் ஒரு மாலை

எங்கள் சாமியார் பிரெஞ்சுக்காரர், பாண்டிச்சேரியில் தமிழ் கற்றவர். எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். அதனாலேயே எங்களுக்குப் பாதி புரியாது. விஷயத்தைச் சொன்னதும் தாடியைத் தடவிக்கொண்டு, "அவசரப்பட வேண்டாம். அவரிடமே வினவுவோம்" என்றார்.

சந்தேகப்பட்ட ஆளிடமே போய்க் கேட்பதா? எந்த சி.ஐ.டி. அப்படிச் செய்வான்? முதலில் வேவு பார்ப்போம் என்று, சாமியாரிடம் சொல்லாமலே கிளம்பினேன்.

அது யாரையும் யாரும் நம்பாத நேரம். சுதந்திரம் வரப்போகிறது என்று பண்டார் ஹிலிர் திடலில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் கம்யூனிஸ்டு பயத்தில் ரோட்டுக்கு ரோடு நிறுத்தி ஐ.சி. என்ற அடையாள அட்டையைக் கேட்டார்கள். குடியுரிமைக்கு மனுப்போட, நீ எங்கே பிறந்தாய், யார் சாட்சி என்று கேட்டார்கள். இந்தக் கேள்விகளுக்கு நடுவில் என் கேள்வியும் சேர்ந்துகொண்டது.

சவரிமுத்துவுக்குச் சனிக்கிழமை பிற்பகல் வேலை கிடையாது. சைக்கிளில் பின்தொடர்ந்தேன். மனிதர் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுக்குப் போனார். பள்ளிவாசலுக்குக் கிட்டே இருந்த ஒரு பாயின் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார். நான் சற்றுத் தள்ளிப் பிள்ளையார் கோவில் பக்கத்துப் பூக்கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் பாயும் சவரிமுத்துவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இரண்டு கோப்பி வந்தது. அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. கோப்பி ஆறியது, குடித்தார்கள், மறுபடி சும்மா உட்கார்ந்தார்கள். பேசிக்கொண்டிருந்தாலாவது என்ன பேசினார்கள் என்று யோசித்திருப்பேன். பேசாமல் இருக்கவே, அந்தக் கடைக்கு மேல்மாடியில் ஒரு பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் நானே குடிவைத்துவிட்டேன்.

இதற்குள் பூக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா நிற்க முடியாது என்று ஒரு மாலை வாங்கினேன். அந்த நேரம் பார்த்து எங்கள் மாதா சபை அம்மாமார் இருவர் அந்த வழியாக வந்தார்கள். பிள்ளையார் கோவில் வாசலில், கையில் ரோஜா மாலையோடு, காஜா பேராங் உபதேசியார். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. சிலுவை மட்டும் போட்டுக்கொண்டு போனார்கள்.

மாலையைத் தூக்கிப்போட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கு ஒரு முழம் பூ வாங்கியாந்தது கிடையாது. இது யாருக்கு வாங்கி, அவ வேணாம்னு சொன்னது?"

ஒரே பிற்பகலில் மதத்திலும் மனையிலும் நான் சந்தேகத்துக்கு ஆளானேன்.

3. ஓலை நின்றது

மறுநாள் ஞாயிறு. விசாரித்து முடியும்வரை ஓலை வேண்டாம் என்று சாமியார் சொல்லியிருந்ததால், மற்ற அறிவிப்புகளை மட்டும் வாசித்துவிட்டு இறங்கினேன். மூன்றாம் ஓலை வரவில்லை என்று சனம் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தலைகள் ஒவ்வொன்றாகச் செசிலி பக்கம் திரும்பின. அவள் முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டாள், ஆனால் எழுந்து போகவில்லை.

பூசை முடிந்ததும் சாமியார் வீட்டில் மாப்பிள்ளை, பெண்ணோடு நால்வராக உட்கார்ந்தோம். சாமியார் நேரடியாகக் கேட்டார். சவரிமுத்து மறைக்கவில்லை.

பிலோமினா அவர் மனைவிதான். தோட்டத்தில் கல்யாணம் ஆகி அதிக நாள் ஆகவில்லை, ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்கு இருவரையும் லாரியில் ஏற்றிவிட்டான். அங்கே கேம்பில் வாந்திபேதி வந்தது.

"எங்க பொதைச்சேன்னு கேக்காதீங்க சாமி. பொதைக்கல. எரிச்சாங்க. நானும் வெறகு தூக்கிப் போட்டேன்."

சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. சி.ஐ.டி. அல்லவா? பிறகு ஏன் கல்யாணம் ஆகாதவர் என்று சொன்னீர் என்று கேட்டேன்.

"முந்தி வேற ஊர்ல ஒரு சம்பந்தம் வந்தப்ப உள்ளதச் சொன்னேன். சாவுப் பத்திரம் கொண்டான்னாங்க. சயாம் காட்டுல யாரு எனக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பா? அந்தச் சம்பந்தம் அப்படியே போச்சு."

செசிலியிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். நான் அவள் பக்கம் திரும்பி, பெரிய மனுஷன் தோரணையில், இப்படிக் கதை சொல்லும் மாப்பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் அம்மா, உயிரோடு இருப்பவளைக் கதையில் சாகடிப்பது சுலபம் என்றேன்.

அவள் அதுவரை குனிந்திருந்தாள். நிமிர்ந்தாள்.

"உபதேசியாரே, நவம்பர் மாசம் வந்தா 'பிலோமினாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக'ன்னு வருஷா வருஷம் வாசிக்கிறது யாரு?"

நான் சாமியாரைப் பார்த்தேன்.

"நீங்கதான். என் மூஞ்சியையே பாக்காத காலத்துலேருந்து இவரு அந்தப் பூசைய வைக்கிறாரு. உசுரோட இருக்கிற பொண்டாட்டிக்கு எவனாச்சும் செத்த பூசை வைப்பானா? நீங்க வாசிக்கிறது உங்க காதுல விழாதா?"

விழவில்லைதான். ஒவ்வொரு வருடமும் உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதத்தில் இந்த மனிதர் என்னிடம் வந்து அந்தப் பெயரைச் சொன்னார். யார் என்று கேட்டால் "வேண்டப்பட்டவங்க" என்பார். அடுத்த ஆளின் பெயரைக் கேட்கும் அவசரத்தில் நான் விட்டுவிடுவேன். ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் தூங்கிவிட்டேன். அவருடைய பதிலை நானே உரக்க வாசித்துக்கொண்டு, பூக்கடையில் மாலை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாமியார் மெல்லச் சொன்னார்: "எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எனக்கு மேலுள்ள மேற்றிராணியார் கேட்பார். மரணத்தைக் கண்ணால் கண்டவர், இவரைத் தவிர, ஒருவராவது வேண்டும்."

சவரிமுத்து தரையைப் பார்த்தார். அப்படி யாரும் இல்லை என்று அவர் சொல்வதற்குள் எனக்குள் ஏதோ தட்டியது.

"துக்காங் எமாஸ்ல அந்தக் கடைக்காரர் யாரு?"

"எந்தக் கடைக்காரர்?"

"நேத்து ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருந்தீங்களே, அவருதான்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு கவலையிலும் செசிலிக்குச் சிரிப்பில் உதடு துடித்தது. "அதான் மாதா சபையில பேசிக்கிட்ட அந்த ரோஜா மாலையா?" என்றாள்.

4. பாயின் சாட்சி

அவர் பெயர் காதர். சயாம் கேம்பில் கஞ்சி காய்ச்சியவர். உயிரோடு திரும்பி இதே ஊரில் கடை போட்டவர். அந்த நாட்களைப் பற்றி இருவரும் பேசுவதில்லையாம். அதைத் தெரிந்த இன்னொரு ஆளோடு சும்மா உட்கார்ந்திருப்பதே போதுமாம். அவரைச் சாட்சிக்கு இழுக்கச் சவரிமுத்துவுக்கு மனம் வரவில்லை. வேற்று மதக்காரர் சாட்சி செல்லாது என்றும் அவராகவே முடிவுகட்டியிருந்தார். செல்லும் என்றார் சாமியார்.

நான்தான் கேட்கப் போனேன். காதர் பாய் என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்தார்.

"அன்னிக்குப் பூக்கடையில ஒளிஞ்சிருந்த ஆளுதானே நீங்க? போலீசுன்னு நெனச்சு ரெண்டு நாளா பொடியனுங்களக் கடையில வாயத் தொறக்க விடல நான்."

சுதந்திரத்துக்கு முந்திய மலாக்காவில் அப்படியாக நான் ஒரு கடைக்கே பயம் காட்டியிருக்கிறேன். உபதேசியார் என்று சொன்னதும் இன்னும் சந்தேகப்பட்டார். விஷயத்தைச் சொன்னதும் மறுபடி கல்லாவில் உட்கார்ந்தார். பிறகு, "பிலோமினா தங்கச்சிக்காகவா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாளில் வெள்ளைத் தொப்பியோடு சாமியார் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உங்க வேதத்துல கை வைக்க மாட்டேன் சாமி. அல்லாவச் சாட்சியா வச்சுச் சொல்றேன். போதுமா?"

"போதும், ஐயா. அமருங்கள்."

"கஞ்சி கொண்டுபோய்க் குடுத்தது நான். திரும்பிப் போனப்ப கஞ்சி அப்படியே இருந்துச்சு. அந்தப் புள்ளைக்கு மூச்சு இல்ல. தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். கழுத்துல உங்க செபமால கிடந்துச்சு. ஒருத்தன் கழட்டப் போனான். சவரி விடல. அவளோடயே போகட்டும்னாரு."

சவரிமுத்து அப்போது சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். சில இடங்களில் மை ஊறி எழுத்து கலைந்துவிட்டது. பேனா சரியில்லை என்று சாமியாரிடம் சொன்னேன். அவர் நம்பினாரா என்பது தெரியாது.

மேற்றிராணியாரின் உத்தரவு வரும்போது பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரக் கொடி ஏறியிருந்தது. மூன்றாம் ஓலையை வாசித்தேன். "விக்கினம் ஏதேனும்" என்ற இடத்தில் வழக்கமாகச் சனத்தை ஒரு தடவை முறைத்துப் பார்ப்பேன். அன்று தலையை நிமிர்த்தவில்லை. மூவார் அம்மாள் கல்யாணத்துக்கு வந்திருந்தார், இந்தப் பந்தியிலும் சாப்பிட்டார். காதர் பாய் வெளி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பூசையைக் கேட்டார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். விசாரிப்பது நம் கடமை, அதில் குறை வைக்கக் கூடாது. ஆனால் பின்தொடர்ந்து போவதற்கு முன்னால் ஆளை உட்காரவைத்துக் கேட்டுவிடுங்கள். மாலைச் செலவாவது மிஞ்சும். என் மனைவி அந்த மாலைக் கதையை இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

அந்த நவம்பரில் செத்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் கொடுக்கச் செசிலி வந்தாள். பிலோமினாளுக்கு என்றாள். யார் பெயரில் என்று கேட்டேன். எங்கள் இரண்டு பேர் பெயரிலும் என்றாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை நான்.

"மரிச்சவங்க உனக்கு என்ன வேணும்மா?"

கொஞ்சம் யோசித்தாள்.

"அக்கான்னு வாசிங்க."

வாசித்தேன். என் காதில் விழுந்தது.