உண்மையான இரண்டாமிடம்

சனிக்கிழமை காலைகளில் டெப்பின் கடையில் காபி குடிக்க உட்கார்ந்தால் மல்யுத்தக் கேள்விகளிலிருந்து தப்ப முடியாது. கேட்பவன் என் அண்ணன் கோர்டி. பதில் தெரியாதவன் எழுந்து போய்க் காபிக் கூஜாவைத் தூக்கி வந்து எல்லோர் கோப்பையையும் நிரப்ப வேண்டும். எங்கள் ஊர்க் கல்லூரியிலிருந்து தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் ஆள் யார், தகுதிச் சுற்றில் மூக்கு உடைந்தும் ஜெயித்தவன் யார், ஒரே வீட்டிலிருந்து தகுதி பெற்ற சகோதரர்கள் யார் என்று வரிசையாகக் கேட்பான். அயோவாவில் பனி உருகும் வரை ஆண்களுக்கு வேறு பேச்சு கிடையாது.

“தகுதி வாங்கினான். ஆனா தேசியப் போட்டியில மல்யுத்தப் பாய்ல காலே வைக்கல. யாரு?”

“ராலி ஸ்ட்ரூபெல்” என்று நாலு பேர் ஒரே குரலில் சொல்வார்கள். சுலபமான கேள்வி. கூஜாவுக்காக யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை.

அந்த ராலிக்குத் தினமும் காலையில் கஞ்சி ஊட்டுவது கோர்டியின் மனைவி மார்லிஸ். மாவட்டப் பராமரிப்பு இல்லத்தில் அவள் உதவியாளர், நான் சமையல்காரி. தகுதி பெற்ற அடுத்த வாரமே பயிற்சியில் ராலியின் தலை பாயில் குத்தி நின்றது. அவ்வளவுதான். கழுத்துக்குக் கீழே எதுவும் திரும்பி வரவில்லை. இப்போது முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. வாய் மட்டும் குறையவில்லை.

“இன்னிக்கும் கஞ்சியா? நான் ஸ்டீக் கேட்டேனே.”

“ஸ்டீக் கேக்குறவரு முதல்ல வாயத் திறங்க.”

மார்லிஸ் கூடைப்பந்து வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த பிறகுதான் மல்யுத்தம் கற்றுக்கொண்டாள். அதுவும் துவைப்பதற்கும் தைப்பதற்கும் தேவையான அளவுக்கு. ராலியைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்ளும் கைகள் அவளுடையவை. வீட்டில் மகன் டாரின் பந்தயத்துக்குக் கிளம்பும் நாட்களில் அந்தக் கைகள் சும்மா இருக்காது. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பாள். பயந்தால் அவளுக்குப் பேச்சு குறையும், வேலை கூடும்.

டாரின் அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். எங்கள் அப்பா ஆர்வில் தகுதி பெற்றவர், கோர்டியும் பெற்றவன். டாரினும் பெற்றால் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை. அந்தக் கேள்வியைக் கோர்டி முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தான். கடையில் இருந்தவர்களும் பதிலைத் தயாராக வைத்திருந்தார்கள்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் விருந்தில் டாரின் கையிலிருந்து முள்கரண்டி விழுந்தது. எடுத்தான், மறுபடி விழுந்தது. கோர்டி ஏதோ பழைய ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை. மார்லிஸ் எழுந்து புதுக் கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து அவனுடைய இடது கைப்பக்கம் வைத்தாள். சாப்பாடு முடிந்ததும் துணி துவைக்கும் அறைக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறாள்.

“எத்தன நாளா?”

“என்னது?”

“கை.”

“கழுத்துல அடி பட்டா சுள்ளுனு இழுக்கும்மா. அப்புறம் கொஞ்ச நேரம் மரத்துப் போவும். எல்லாருக்கும் வர்றதுதான்.”

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“டாக்டர்கிட்ட போனா கோச்சுக்குத் தெரியும். கோச்சுக்குத் தெரிஞ்சா உக்கார வச்சிடுவாரு. எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இல்லம்மா. அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

பண்ணினாள். மறுநாள் இல்லத்தின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“சத்தியம் பண்ணேங்கற, அப்புறம் என்கிட்ட சொல்றியே?”

“அப்பாகிட்டன்னுதான் சொன்னான். அத்தைய மறந்துட்டான்.”

சிரித்தாள். ஆனால் உரித்த கிழங்கையே திரும்பத் திரும்பச் சீவிக்கொண்டிருந்தாள். கடைசியில் அது கோலிக்குண்டு அளவுக்கு ஆகிவிட்டது.

“மார்லிஸ், அணியோட மருத்துவ உதவியாளர்கிட்டயாவது சொல்லிடு.”

“சொன்னா ஜென்மத்துக்கும் என்னை மன்னிக்க மாட்டான்.”

“மன்னிக்காட்டி போறான். கரண்டி பிடிப்பானில்ல?”

ராலியைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம் வந்திருந்தது, போய்விட்டாள்.

பிப்ரவரி கடைசியில் தகுதிச் சுற்று. பக்கத்து ஊர்க் கல்லூரியின் உள்ளரங்கத்துக்குப் பனிக்காற்றில் காரோட்டிப் போனோம். ஒவ்வொரு எடைப் பிரிவிலும் முதல் இரண்டு பேருக்குத்தான் தேசியப் போட்டியில் இடம். அப்பா நடுவில் உட்கார்ந்திருந்தார். மல்யுத்தத்தில் நசுங்கிய காதில் பஞ்சு. வந்தவர் போனவரெல்லாம் அவர் தோளைத் தட்டி, “மூணாவது தலைமுறை, என்ன ஆர்வில்?” என்றார்கள்.

மார்லிஸ் எதையும் பார்க்கவில்லை, மகனின் வலது கையை மட்டும் பார்த்தாள்.

அரையிறுதியில் சிவப்பு உடைப் பையன் ஒருவன் டாரினின் தலையைக் கக்கத்தில் இடுக்கி முறுக்கினான். டாரின் நழுவி வெளியே வந்து ஆட்டத்தை ஜெயித்துவிட்டான். ஆனால் நடுவர் தூக்கிப் பிடித்தது வலது கையை. விட்டதும் அது ஈரத்துணி மாதிரிப் பக்கத்தில் விழுந்தது. மார்லிஸ் என் முழங்காலைப் பிடித்தாள். அந்த இடம் கன்றிப்போய் நீலமாக ரொம்ப நாள் இருந்தது.

இறுதியாட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றான். அதனால் என்ன, இரண்டாமிடம் போதுமே. கோர்டி மார்லிஸின் நெற்றியில் முத்தம் கொடுத்தான். அப்பா கன்னத்தில் கைவைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“தேசியப் போட்டிக்கு ரெண்டு வாரம் இருக்கு” என்றாள் மார்லிஸ் என் காதில். “நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். கெஞ்சியாவது.” காலையிலிருந்து அவள் பேசிய முதல் நீண்ட வாக்கியம் அதுதான்.

நாங்கள் செய்த தப்பு, பக்கத்துப் பாயைப் பார்க்காமல் விட்டது. அங்கே மூன்றாமிடத்துக்கான ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. டாரின் தோற்கடித்த சிவப்பு உடைப் பையன் பெரிய முன்னிலையில் இருந்தான். அவன் ஜெயித்தால் பேச்சே இல்லை. டாரினிடம் ஏற்கெனவே தோற்றவன் இரண்டாமிடத்தைக் கேட்க முடியாது. அவனோடு மோதிக்கொண்டிருந்த பச்சை உடைப் பையன் அன்றைக்கு டாரினைச் சந்திக்கவே இல்லை. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பச்சை உடைக்காரன் மற்றவனைத் தூக்கிப் போட்டுத் தோள்கள் இரண்டும் பாயில் பட அமுக்கினான். நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியில்தான் தெரிந்தது. டாரின் ஹோவ்லண்ட் உண்மையான இரண்டாமிடத்துக்கான ஆட்டத்துக்குத் தயாராகவும்.

அப்படி ஒரு விதி உண்டு. இரண்டாமவனும் மூன்றாமவனும் மோதாமலிருந்தால் மோதித்தான் தீர வேண்டும், ஜெயிப்பவனுக்குத்தான் இரண்டாமிடம், பின்னால் யாரும் குறை சொல்லக்கூடாது என்று. நியாயமான விதிதான். கோர்டியே பல வருஷமாக அதைப் புகழ்ந்திருக்கிறான்.

“ஒண்ணுமில்ல, இவனை ஊதித் தள்ளிடுவான்” என்றான் இப்போதும். குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

கீழே டாரின் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தான். வார்ப்பூட்டை இடது கையாலேயே பூட்டினான். வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. தூங்குகிறவர்களின் கை மாதிரி.

மார்லிஸ் எழுந்தாள்.

“எங்க போற, இந்த நேரத்துல?”

“பாத்ரூமுக்கு, கோர்டி.”

நானும் பின்னால் இறங்கினேன். அவள் கழிப்பறைப் பக்கம் திரும்பவே இல்லை. அணியின் மருத்துவ உதவியாளர் பெத் சின்னப் பெண், பஞ்சுப் பெட்டியோடு சுவரோரம் நின்றிருந்தாள். மார்லிஸ் அவளிடம் போய் நின்றாள்.

“டாரினோட அம்மா நான். அவன் வலது கைல பலம் இல்ல. டிசம்பர்லேர்ந்து.”

பெத் ஒரு கேள்வியும் கேட்காமல் நேராக டாரினிடம் நடந்தாள். அவன் நிமிர்ந்தான், அவள் பின்னால் அம்மாவைப் பார்த்தான்.

“அம்மா. வேணாம்மா.”

“என் விரலைப் பிடி” என்றாள் பெத். “ரெண்டு கையாலயும். இறுக்கு.”

இடது கை இறுக்கியதில் பெத்தின் முகம் சுருங்கியது.

“வலது கையாலயும் இறுக்கு, டாரின்.”

“இறுக்கறேன்.”

“இன்னும்.”

“இறுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

சொன்னபிறகுதான் அவன் தன் கையைக் குனிந்து பார்த்தான். விரல்கள் பெத்தின் விரல்மேல் சும்மா கிடந்தன. அவன் முகத்தில் கோபம் இருந்தது, அது போய் வேறொன்று வந்தது. அவன் சின்ன வயதில் உறைந்த ஆற்றின் பனி உடைந்து கால் உள்ளே போனபோது அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சியாளர் ஏதோ வாதாடினார். பெத் முடியாது என்று தலையசைத்துக்கொண்டே இருந்தாள். பாயின் நடுவில் நடுவர், ஆடாமலே ஜெயித்த பச்சை உடைப் பையனின் கையைத் தூக்கினார். அவனுக்கே அது சந்தோஷமாக இல்லை. மேலே கோர்டி நின்றபடி இருந்தான், மற்றவர்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்ட பிறகும்.

திரும்பும்போது காரில் அப்பா ஒருமுறை, “ஹீட்டரைக் கூட்டு” என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். கழுத்தெலும்புக்குள் நரம்பு போகும் வழி பிறவியிலேயே குறுகலாக இருக்கிறதாம். இனிமேல் மல்யுத்தம் கூடாது என்றார் டாக்டர். மார்லிஸ் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“அந்த ஆட்டத்தை ஆடியிருந்தா?”

“ஒண்ணும் ஆகாமயும் இருந்திருக்கலாம்மா. சொல்ல முடியாது.”

அது மட்டும்தான் அவளுக்குக் கிடைத்தது. இதைவிடப் பயங்கரமாக எதையாவது டாக்டர் சொல்லியிருந்தால் கோர்டி படுக்கையறைக்குத் திரும்பியிருப்பான் என்று எனக்குத் தோன்றியது. அவன் கூடத்து சோபாவில் படுக்க ஆரம்பித்திருந்தான். சண்டை எதுவும் போடவில்லை. “என்கிட்ட ஏன் சொல்லல?” என்று ஒரே ஒரு தடவை கேட்டானாம். அவள், “சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?” என்று கேட்டாளாம். யோசித்துவிட்டு எழுந்து போய்விட்டானாம்.

டாரின் கல்லூரியை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். கோர்டியிடம் பேசினான், என்னிடம் பேசினான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் வந்து உட்காருவான். உப்பு வேண்டுமென்றால் தானே எழுந்து எடுத்துக்கொள்வான். மார்லிஸ் அவனைத் தலைநிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள். கையை மட்டும் பார்த்தாள். கதவுக் குமிழைத் திருகும்போது, சட்டைப் பொத்தான் போடும்போது, ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கை திரும்புகிறது என்றார் டாக்டர். முழுசாகவா என்பதை அவர் சொல்லவில்லை.

ஜூனில் ஒரு மத்தியானம் நான் அங்கே இருந்தேன். டாரின் அடுக்களையில் ஊறுகாய் பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். மூடி திறக்கவில்லை. துணியைச் சுற்றித் திருகினான், மேசை விளிம்பில் தட்டினான். மார்லிஸ் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே தண்ணீருக்குள் விட்டுவிட்டு நின்றாள். போகவில்லை, கேட்கவில்லை.

அவன் திரும்பினான்.

“திறந்து குடும்மா.”

அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மூடி ஒரே திருகில் வந்துவிட்டது. நீட்டினாள். அவன் வலது கையை நீட்டி வாங்கினான், பாட்டிலைச் சுற்றி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். வாங்கிக்கொண்டு அவன் நகர்ந்த பிறகும் அவளுடைய இரண்டு கைகளும் அந்தரத்தில், பாட்டில் இருந்த இடத்துக்குக் கீழே, அப்படியே விரிந்து நின்றன.