மூணாவது சிலிண்டர்

உலகத்தில் இன்ஜின்கள் ஓடத் தொடங்கிய நாள்முதல், அவற்றின் நோயைக் காதால் மட்டுமே அறிந்துவிடும் வரம் வெகு சிலருக்கே வாய்த்திருக்கிறது. அவர்களில் ஒருவர் சேந்தமங்கலத்தில் இருந்தார். இதை அவரேதான் சொல்லுவார்.

ரைஸ் மில் செல்லமுத்து ஒரு மூங்கில் குச்சி வைத்திருந்தார். ஒரு முனையை இன்ஜினில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சுற்றி நிற்பவர்கள் மூச்சுவிட மாட்டார்கள். பிறகு நோயின் பெயரைச் சொல்லுவார். நோய் பெரும்பாலும் வேறாக இருக்கும். ஆனாலும் அந்தக் கண்ணை மூடுகிற அழகைப் பார்க்கவே நாலு பேர் வருவார்கள்.

இப்போது சொல்லப்போவது அவருக்கு நிஜமாகவே நடந்தது. இட்டுக்கட்டிச் சொல்கிறவர் யாரும் தன்னை இவ்வளவு கேவலப்படுத்திக்கொள்ள மாட்டார்.

யுத்தத்துக்கு முந்தின வருஷம். சேலத்தில் யாரோ கழித்துப்போட்ட பழைய கார் ஒன்றை வாங்கி, மனைவி அம்சவேணியைப் பின் ஸீட்டில் உட்காரவைத்து, கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளிக்குப் புறப்பட்டார். அங்கேதான் மாமனார் வீடு. "வண்டி கட்டி அனுப்பறனுங்க மாப்ள" என்று மாமனார் கருப்பண்ணன் சொல்லியனுப்பியிருந்தார். "மாட்டு வண்டியில் வர நான் என்ன புளி மூட்டையா?" என்று இவர் பதில் சொல்லியனுப்பியிருந்தார். அந்தப் பதில் ஊருக்கே தெரியும். இன்று ஊரே வாசலில் நிற்கும். காரில்தான் போய் இறங்கியாக வேண்டும்.

பாதி வழியில் கார் திக்க ஆரம்பித்தது. குலுங்கியது. சின்ன மேட்டுக்கே இழுவை இல்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்சவேணியின் கண்ணாடி வளையல்கள் கலகலத்தன.

"இருமுதுங்க. சுக்குத் தண்ணி வெச்சுக் குடுங்க."

"கார்புரேட்டர்ல தூசி. பேசாம வா."

"மில்லு நின்னப்பவும் தூசின்னுதானுங்க சொன்னீங்க. பெல்ட்டு அறுந்து கெடந்துச்சு."

அவள் வாய் அப்படி. ஆனால் புருஷன் பெயரை மட்டும் அந்த வாய் சொன்னதில்லை. அவர் பெயரில் பாதி வருகிறதென்று முத்துமாரியம்மனைக்கூட வெறும் மாரியாயி என்றுதான் கும்பிடுவாள்.

ஓடையைத் தாண்டி ஏறுகிற மேட்டில் கார் நின்றுவிடும்போல் ஆயிற்று. மலை முகத்தில் மிச்சமிருந்த வெயிலும் போய்விட்டிருந்தது. "இறங்கி நடந்து வா. கனம் குறையட்டும்" என்றார். அவள் இறங்கினாள். கார் முக்கி முனகி மேட்டில் ஏறியது. இன்ஜினை நிறுத்தாமல், தலையைச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டபடியே காத்திருந்தார்.

பின் கதவு திறந்து மூடியது.

"ஏறியாச்சா?"

"உம்."

கார் நகர்ந்தது. இப்போது சமதரை. ஆனாலும் முன்னைவிடக் கனமாக இழுத்தது. பின்பக்கம் அமுங்கியதுபோல் இருந்தது.

"பாத்தியா, தூசியேதான்."

"உம்."

செல்லமுத்துவுக்குச் சந்தோஷம். கல்யாணமான மூன்று வருஷத்தில் முதல் முறையாக அவள் எதிர்த்துப் பேசவில்லை. வித்தைக்கு ஒரு மரியாதை உண்டு என்று நினைத்துக்கொண்டார்.

கார் குலுங்கியது. ஏதோ ஒரு சத்தம் குறைந்திருந்தது... எது? இன்ஜினுக்குள்தான் என்று காதைத் தீட்டித் தேடினார். அகப்படவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. காரை நிறுத்தி, இன்ஜின் ஓட ஓட பானெட்டைத் திறந்தார். குச்சியைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார்.

"மூணாவது."

குரல் பின் ஸீட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். காதருகில் கேட்டது.

"என்னது?"

"மூணாவது சிலிண்டரு."

"உனக்கென்ன தெரியும்?"

திருப்புளியைப் பிளக்கில் வைத்து, பொறியைத் தடுத்துப் பார்த்தார். முதல் பிளக். இன்ஜின் தடுமாறியது. அப்படியானால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. இரண்டாவது. தடுமாறியது.

மூன்றாவது...

சத்தத்தில் மாற்றமே இல்லை. அது ஏற்கெனவே செத்துக் கிடந்தது.

அவருக்கு முகம் சுட்டது. பெண்டாட்டி சொல்லியா தெரிந்துகொள்வது?

"நாலாவதையும் பாத்துதான் சொல்லணும்" என்று முனகினார்.

"அதான் சொன்னேனே... செல்லமுத்து."

குச்சி கீழே விழுந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடினார்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அம்சவேணி காரில் இருப்பது நினைவுக்கு வந்தது. வெட்கம் வந்தது. கால்களுக்கு வரவில்லை.

காரவள்ளியில் ஆரத்தித் தட்டோடு ஊரே நின்றிருந்தது. ஒற்றைச் செருப்போடு, வேட்டியைச் சுருட்டிப் பிடித்தபடி வந்து சேர்ந்தார்.

"மாமா... அம்சவேணியப் பேய் புடிச்சிருச்சுங்க. கார்ல இருக்கறா."

"நீங்க?" என்றார் கருப்பண்ணன்.

"நான்... சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

கூட்டத்துக்குள்ளிருந்து அம்சவேணி முன்னால் வந்தாள்.

"நான் மேடேறி வாரதுக்குள்ள காரை எடுத்துட்டுப் போயிட்டீங்க. எத்தன கத்து கத்துனேன்! உங்க காதுல உழுந்தாத்தானுங்க. நம்மூரு செங்கோடண்ணன் மாட்டு வண்டி இட்டேரிக் குறுக்கு வழில வந்துச்சு. அதுல ஏறி வந்துட்டேன்."

கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். வளையல்கள் கலகலத்தன. காரில் குறைந்த சத்தம் எது என்று அப்போதுதான் செல்லமுத்துவுக்குப் புரிந்தது.

லாந்தரோடு ஆட்கள் போனார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது... நாலு சிலிண்டரும் ஒரே சீராக. திறந்துபோட்டு வந்த பானெட் மூடியிருந்தது. பின் ஸீட்டில் யாரும் இல்லை. அவருடைய மூங்கில் குச்சி மட்டும் அங்கே கிடந்தது.

உள்ளே உட்கார யாரும் துணியவில்லை. செங்கோடனின் மாடுகளைப் பூட்டித்தான் காரை இழுத்து வந்தார்கள்.

சோறு போடும்போது அம்சவேணி மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க... அந்தக் குரலு என் குரலாட்டமே இருந்துச்சுங்களா?"

செல்லமுத்து யோசித்தார். கண்ணை மூடியும் யோசித்தார்.

அவருக்குத் தெரியவில்லை. மூன்று வருஷத்தில் அவள் குரலை அவர் கவனித்துக் கேட்டதில்லை.