எக்ஸ்பிரஸின் வேகம்

தையல் வேகத்தை அளக்க வந்த வாட்ச்காரர் கடிகாரத்தை அழுத்தியதும் சட்டைக் கம்பெனியின் காலர் வரிசையில் ஐந்து பெண்களின் கைகளுக்கும் ஒரே நேரத்தில் வயதாகிவிட்டது. ஒருத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஒருத்தி கத்தரிக்கோலைக் கீழே நழுவவிட்டு, அது எங்கே போய்த் தொலைந்தது என்று மெஷினுக்கு அடியில் குனிந்தாள். அவர் குறித்துக்கொண்டு போகிற எண்தான் இனி டார்கெட். அதை எட்டாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் அவர் வந்தால் இப்படித்தான்.

ஆறாவது மெஷினில் இருந்தவளை, அவள் வேகத்துக்காக எல்லாரும் எக்ஸ்பிரஸ் என்பார்கள். அவளும் மெதுவாகத்தான் தைக்க நினைத்தாள். ஆனால் காலர் முனை வளையும் இடத்தில் வேகம் குறைந்தால் அவள் கைக்குத் துணி சுருங்கியது. முதல் காலர் சுருங்கிப் போயிற்று. பிரித்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டாவது காலரில் கால் தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு வாட்ச்காரர் வேறு யார் பக்கமும் திரும்பவில்லை.

மத்தியானம் போர்டில் எண் ஏறியது. அவளுடைய எண். ஆறு பேருக்கும் அதுதான்.

சாப்பாட்டு அறையில் அவள் போய் உட்கார்ந்ததும் பெஞ்சு காலியானது. அதே காலர் வரிசையில் தைக்கும் அவள் நாத்தனார் மட்டும் எதிரில் நின்றாள். இடது தோள் கொஞ்ச நாளாகவே அவளுக்குப் பாதிக்கு மேல் உயராது.

"மெடல் எப்போ குடுக்குறாங்க அண்ணி?"

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சிருந்தா நாலு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன். நீங்க ஆசையில செஞ்சீங்க. இந்தத் தோளை வெச்சுக்கிட்டு உங்க நம்பரை நான் எங்க போய்ப் பிடிக்க? நான்தான் முதல்ல வீட்டுக்குப் போவேன்."

எக்ஸ்பிரஸ் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். கல்யாணமான புதிதில், லாரி ஓட்டும் கணவன் பாதி நாள் வெளியூரில் கிடக்க, சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் கையைப் பிடித்து இந்த ஹாலுக்குள் கூட்டிவந்தவள் நாத்தனார்தான். முதல் மாதம் அவள் தைத்ததைவிடப் பிரித்தது அதிகம். வீட்டில் காகிதத்தில் வளைவு போட்டு, நூல் கோக்காத மெஷினில் அதன்மேல் ஓட்டி ஓட்டிப் பழகினாள். மகள் வயிற்றில் இருந்தபோதும் காலர்தான். அந்த மகள் கல்லூரிக்குப் போகும் இப்போதும் காலர்தான். எக்ஸ்பிரஸ் என்று யாராவது கூப்பிட்டால் காதில் விழாததுபோல இருப்பாள், இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று.

டப்பாவை மூடிவிட்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். வாட்ச்காரரும் அங்கே இருந்தார்.

"சார், போர்டுல இருக்கிற நம்பர் தப்பு."

"நானே நின்னு அளந்தேம்மா," என்றார் வாட்ச்காரர்.

"எதை அளந்தீங்க? காலரையா, என்னையா?"

வாட்ச்காரர் பேனாவை மூடிவைத்தார். மேனேஜர் சிரித்தார். "ஒரு காலருக்கு எவ்வளவு நேரம் ஆகுதோ அதான் அந்த வேலையோட மதிப்பு. ஒருத்தியால முடியுதுன்னா எல்லாராலயும் முடியும்."

"அப்படின்னா அடுத்த வரிசையில குண்டக்கா சட்டைக் கைக்குக் கஃப் தைக்கிற வேகத்துல நானும் தைக்கணுமே."

"தைக்கணும்."

"தைக்க முடியலைன்னா?"

மேனேஜருக்குப் பந்தயம் என்றால் பசி மறந்துபோகும். "முடியலைன்னா ஆறு பேரையும் அளந்து நடுவுல ஒரு நம்பர் போடுறேன். நீ அதுக்கு மேல தைக்கிறதுக்குத் தனியாக் கூலி. முடிஞ்சுதுன்னா இந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது."

கஃப் வரிசையில் குண்டக்காவுக்குப் பக்கத்து மெஷினைக் காலி செய்து கொடுத்தார்கள். ஹால் முழுக்க வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டது. "வாடியம்மா, என் பொழப்புலயும் மண்ணள்ளிப் போட வந்தியா?" என்றாள் குண்டக்கா. இரண்டு பேருக்கும் ஒரே அளவு துணிக்கட்டு. கடிகாரம் அழுத்தப்பட்டது.

எக்ஸ்பிரஸ் தோற்கத்தான் உட்கார்ந்தாள். நாலைந்து கஃப் வரை அப்படித்தான் இருந்தாள். பின்னாலிருந்து எவனோ, "எக்ஸ்பிரஸ் இன்னைக்குக் கூட்ஸ் வண்டியாயிடுச்சு டோய்," என்றான். காது சூடேறியது. கால் அழுந்தியது. எதற்காக வந்தாள் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

"அண்ணி, மெதுவா!" என்று நாத்தனார் கத்தினாள். "ஐயோ, யாராவது அவங்க காலைப் பிடிச்சு இழுங்களேன்!"

யார் இழுத்தும் நின்றிருக்க மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். கஃப் மடிப்பை இடது கட்டைவிரலால் உள்ளே தள்ளிக்கொண்டே திருப்ப வேண்டும். குண்டக்காவின் விரல் அதைத் தூக்கத்தில்கூடச் செய்யும். இவள் விரலுக்கு அது தெரியவில்லை. ஒரு கஃப் உள்பக்கம் வெளியே வந்தது. பிரித்தாள். ஊசி ஒடிந்தது. புது ஊசி போட்டு நிமிர்ந்தபோது குண்டக்கா கட்டை முடித்து முடிச்சுப் போட்டுவிட்டு, புடவைத் தலைப்பால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். எக்ஸ்பிரஸிடம் இன்னும் பாதிக் கட்டு இருந்தது.

மேனேஜர் அவள் நெற்றி வியர்வையைப் பார்த்தார். "நீ நடிக்கிறியான்னு கண் கொட்டாம பார்த்தேன். நடிக்கலை."

"நடிச்சிருந்தா இதைவிட நல்லாத் தோத்திருப்பேன் சார்."

ஹாலே சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டார். "ஆறு பேரையும் அளங்க," என்று வாட்ச்காரரிடம் சொன்னார்.

"நாள் முழுக்க அளக்கிறேன் சார். கண்ணாடி துடைக்கிறதும் அதுலயே வந்துடும்."

அவ்வளவுதான். ஒருத்தி விசிலடித்தாள், மற்றவர்கள் கைதட்டினார்கள். யாரோ அந்த உள்வெளி கஃப்பை எடுத்து ஸ்கேலின் நுனியில் மாட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகச் சுற்றினார்கள். நாத்தனார் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து உயரும் கையால் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஜெயிக்கத்தானே பார்த்தீங்க?"

"ஆமா."

"மானங்கெட்ட அண்ணி," என்று சொல்லிவிட்டு அவள் தோளிலேயே சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். எக்ஸ்பிரஸுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. இத்தனை வருஷத்தில் எந்தக் காலருக்கும் அந்த ஹால் அவளுக்குக் கைதட்டியதில்லை.

மறுநாள் காலையில் மழை பெய்தது. வாட்ச்காரர் நாற்காலி போட்டு ஆறு மெஷின்களுக்கும் மாறி மாறி உட்கார்ந்து எழுதினார். மத்தியானம் அரை மணி நேரம் மின்சாரம் இல்லை. சாயங்காலம் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புது எண்ணைப் போட்டார்கள். நாத்தனார் அன்றைக்கு அதைவிட மூன்று காலர் அதிகமாகத் தைத்திருந்தாள். மணி அடித்ததும் இருவரும் ஒரே குடையில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.