டங்ஸ்டன் கூண்டும் இரண்டு தப்பும்

டங்ஸ்டன் என்னும் உலோகக் கம்பியில் வலை நெய்யும் அந்தப் பட்டறையில் அவளுக்கு 'மூவாயிரம்' என்று பட்டப்பெயர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்ன வேலை என்று கேட்டுவிட்டால் போதும், டங்ஸ்டன் உருக மூவாயிரத்து நானூறு டிகிரிக்கு மேல் வேண்டும், இரும்பெல்லாம் அதில் பாதி எட்டுவதற்குள்ளேயே உருகி ஓடிவிடும் என்று ஆரம்பித்துவிடுவாள். கேட்ட பாவத்துக்கு இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டவர்களும் உண்டு. வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தாள். ஒருநாள் அண்ணியின் கையில் உள்ளங்கை அகல வலைத்துண்டு ஒன்றை வைத்து, "என்ன கனம் பாருங்க அண்ணி! தங்கத்தோட கனம்" என்றாள். "கனம் வந்துடுச்சு, தங்கத்தைத்தான் காணோம்" என்றாள் அண்ணி.

அப்படிப்பட்டவளுக்கு அந்தத் திங்கட்கிழமை காலையில் கால் தரையில் பாவவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். தலையை இரண்டு தடவை வாரினாள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டாள், அதில் எதையும் வைக்கத்தான் மறந்துவிட்டாள்.

"என்ன நாத்தனாரே, இன்னைக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல அண்ணி. உலைக்காரர் கூண்டை வாங்கிட்டுப் போக வர்றாரு."

"யாரு, ரெண்டு வருஷமா போன்லயே குடும்பம் நடத்துற ஆளா?"

அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். பதிலை முகம் சொல்லிவிட்டது.

உலைக்காரர் ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு தொழிற்சாலையில் உலை மெக்கானிக். மனைவியை இழந்தவர். கைக்கடிகாரத்தில் பதிக்கிற, கீறல் விழாத கண்ணாடிக்கான கல்லை உருக்கி வளர்க்கிற உலை அது. இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிற அந்தச் சூட்டைக் கொடுப்பது, உள்ளே நிற்கிற டங்ஸ்டன் வலைக் கூண்டு. வலையில் சந்தேகம் என்று முதலில் போன் செய்தார். அடுத்த மாதம் சந்தேகம் வாரம் ஒன்றானது. பிறகு சந்தேகமே இல்லாமல் போன் வந்தது. அவர் சிரித்தால் இவளுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். ஆனால் நேரில் பார்த்ததில்லை. இப்போது வருகிறவர் கூண்டுக்காக வருகிறாரா, தனக்காக வருகிறாரா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். நாற்பத்தொரு வயதில் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அப்புறம் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கூண்டைப் பதினொரு நாள் நெய்திருந்தாள். கம்பி கம்பியாகக் கோத்து, உருளையாக வளைத்து, அடி விளிம்பை மட்டும் ஒரு விரற்கடை உள்ளே மடிக்க பாக்கி. டங்ஸ்டனுக்கு ஒரு குணம். அத்தனை நெருப்பைத் தாங்குகிற வீராதி வீரன், குளிர்ந்திருக்கும்போது மடித்தால் அப்பளமாக நொறுங்கும். சுடவைத்துத்தான் வளைக்க வேண்டும். 'சூடாக்காமல் வளைக்காதே' என்று பட்டறைச் சுவர்ப் பலகையில் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்தவளும் அவள்தான். மறந்து வளைத்த எத்தனை பேரை அந்தப் பலகையின் கீழ் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறாள்!

பத்தரை மணிக்கு அவர் வந்தார். குரலைவிடக் குள்ளம். முன்வழுக்கை. சட்டைப் பையில் மூன்று பேனா.

"மேடம், நான்தான்" என்றார்.

"தெரியுது சார்" என்றாள். எப்படித் தெரிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "உக்காருங்க. இந்த விளிம்பு ஒண்ணுதான் பாக்கி. இதோ, ஒரு நிமிஷம்."

வெந்நீரில் விழுந்தவள்போல் படபடத்தாள். சூடான காற்றடிக்கும் துப்பாக்கி மேசையில் கிடந்தது. அவள் பார்த்தது அவர் முகத்தை. இடுக்கியால் விளிம்பைப் பிடித்து, "பாருங்க, எவ்வளவு அழகா மடியுது" என்று வளைத்தாள்.

'டிக்' என்றது. தொடர்ந்து டிக், டிக், டிக். விளிம்பிலிருந்து விரிசல் பாதிக் கூண்டுவரை ஓடியது.

அவள் சுவர்ப் பலகையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பதினொரு நாள் உழைப்பு போனது மட்டுமில்லை, மானமும் போயிற்று. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவரோ ஸ்டூலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். போனில் கேட்ட அதே சிரிப்பு.

"சிரிக்காதீங்க சார். என் பொழைப்பே போச்சு."

"மேடம், பழைய கூண்டு எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தேஞ்சு போச்சுன்னீங்களே?"

"எங்க ஆபீஸ்ல உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கிட்டேன். உங்ககிட்டதான் பொய் சொன்னேன். அன்னைக்கு நீங்க போன்ல பஸ்ல நடந்த கதையைச் சொல்லிட்டிருந்தீங்க. நான் காத்தை உறிஞ்சுற பம்ப்பைப் போடாமலே உலையைப் போட்டுட்டேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். காற்றில்லாத உலைக்குள்தான் டங்ஸ்டனின் வீரமெல்லாம். காற்றுப் பட்டால் சில நூறு டிகிரியிலேயே கருக ஆரம்பிக்கும்.

"மஞ்சப் புகை வந்துச்சா?"

"ஷெட்டே மஞ்சள். நான் இன்னும் போனைக் காதுலேருந்து எடுக்கல."

இப்போது அவளும் சிரித்தாள். கண்ணீரோடு சேர்ந்து வந்த சிரிப்பு நிற்க மாட்டேன் என்றது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்து கூண்டைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"யார் பண்ண வேலை இது?"

"நான்தான்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, இன்னும் பதினொரு நாள் ஆகும் சார். முடிஞ்சதும் லாரியில போட்டு அனுப்பிடறேன். இதையும் அப்படித்தான் அனுப்பறேன்னேன், நேர்லதான் வருவேன்னு நீங்கதான் ஒத்தக்கால்ல நின்னீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மூவாயிரத்தின் சிரிப்பு நின்றது. இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்கப்போவதில்லை.

"லாரியில வர்ற கூண்டுக்கு நீங்க எதுக்கு சார் ஆறு மணி நேரம் வந்தீங்க?"

அவர் மூன்று பேனாக்களையும் ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

"கூண்டு லாரியில வந்துடும். நீங்க வர மாட்டீங்களே."