பின்னால் பார்க்கிற பழக்கம்

இந்தச் சிங்கப்பூரில் பஸ் மணி அடித்தால் எல்லோரும் முன்னால் பார்க்கிறார்கள். நான் ஒருவன்தான் திரும்பிப் பின்னால் பார்க்கிறேன். கழுத்தில் சுளுக்கா என்றுகூடக் கேட்டுவிட்டார்கள். சுளுக்கென்றால் தைலம் தேய்த்திருக்க மாட்டேனா, ஐயா!

இது மதுரையில் தொற்றியது. நாகமலை புதுக்கோட்டை கருப்பையா அண்ணனிடம் ஒரே ஒரு பஸ் இருந்தது. உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் அவரே ஓட்டுவார், நான் கண்டக்டர். விசில் ஊதுமுன் ஒருமுறை பின்னால் பார்க்கவேண்டும் என்பது அவர் கட்டளை. தலைச்சுமையோடு வரப்பில் யாராவது கையை ஆட்டினால், "இருப்பா, அம்புட்டு வெயில்ல ஓடியாராக" என்று நிறுத்திவிடுவார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். மறுநாள் அவர்களுக்காகவும் வண்டி நிற்கும்.

பிறகு பெரிய கம்பெனி வந்தது. அண்ணன் பஸ் புறப்படுவதற்குச் சற்று முன்னால் தன் வண்டியை விட்டு, கட்டணத்தைப் பாதியாக்கி, அவர் பஸ்ஸை விற்றதும் பழையபடி ஏற்றிக்கொண்டது. காக்கிச் சட்டைக்கு ஆசைப்பட்டு நானும் அங்கேயே சேர்ந்தேன். "போ மாப்ள, நல்லாரு" என்றார் அண்ணன். கம்பெனிச் சட்டம் வேறு. ஒருமுறை விசில் ஊதிவிட்டால் அடுத்த நிறுத்தம்வரை நிற்கக் கூடாது. நேரம் தவறாத வண்டி என்று ஊரே மெச்சியது. நானும்தான் மெச்சினேன், பொய் சொல்வானேன்?

ஒரு நாள் காலை, நாகமலை புதுக்கோட்டையில் விசில் ஊதினேன். பழக்கதோஷம், திரும்பிப் பார்த்தேன். காய்ச்சல் கண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் ஓடிவருகிறார். முன் இருக்கையில் செக்கிங் இன்ஸ்பெக்டர். இன்னொரு முறை ஊதினால் வண்டி நிற்கும். நான் ஊதவில்லை.

மாட்டுவண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் பிள்ளை போய்விட்டாள். துக்கத்துக்குப் போன என் கையை அண்ணன் பிடித்துக்கொண்டார். "நீ பாக்கல மாப்ள. பாத்திருந்தா நிறுத்தாமயா போயிருப்ப?" பார்த்தேன் அண்ணே என்று சொல்லாமலே வீடு திரும்பினேன். அந்த மாதமே கப்பலேறினேன். பாவி நான், இன்றுவரை ஒரு கடிதம் போட்டதில்லை.

நேற்றும் பஸ்ஸில் திரும்பிப் பார்த்தேன். மலாய்க்காரக் கண்டக்டர், "பாராங்?" என்று கேட்டான். சாமானை விட்டுவிட்டாயா என்று அர்த்தம். ஏதோ நினைப்பில் தலையாட்டிவிட்டேன். அட, மணியடித்து வண்டியையே நிறுத்திவிட்டான்! இதுவும் கம்பெனி வண்டிதான். இவனுக்கும் சட்டம் உண்டு, இன்ஸ்பெக்டர் உண்டு.

ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் படியிலும் வைத்துக்கொண்டு நின்றேன். வண்டி முழுவதும் எனக்காகக் காத்திருந்தது. பின்னால் சாலையில் யாரும் ஓடிவரவில்லை.